பதிவு வேறு, தொடர்பு வேறு: இணையம் படைப்பாளிக்கு எந்தக் கதவைத் திறக்கிறது?

மார்கழி அதிகாலை. மயிலாப்பூரின் ஒரு குறுக்குத் தெருவில் வாசல் தெளித்தாகிவிட்டது. இரும்புக் கேட்டின் மேல்கம்பியில் நைலான் கயிற்றால் ஒரு கைப்பேசி கட்டித் தொங்குகிறது. அதன் கேமரா தரையைப் பார்த்தபடி இருக்கிறது. நடுவரிசையில் 15 புள்ளி, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் நிற்கும் இடைப்புள்ளிக் கோலம். மொத்தம் 169 புள்ளிகள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இறங்க, கம்பி எங்கும் அறாமல் புள்ளிகளைச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. நாற்பது நிமிட வேலை. அதை நாற்பது நொடிக்குள் சுருக்கி இணையத்தில் ஏற்றும்போது மணி ஆறரை.

சென்னையில் இப்படி எத்தனையோ பேர் கோலம், கவிதை, கானா, ஓவியம், குறும்படம் என்று தங்கள் ஆக்கங்களை இணையத்தில் வைக்கிறார்கள். சிலருக்கு அதன் வழியே வேலை வருகிறது, புத்தகம் வருகிறது, மேடை கிடைக்கிறது. அவர்களுக்குத் திறமையில் சற்றும் குறையாத பலருக்கு இதயக் குறிகள் மட்டுமே மிஞ்சுகின்றன. பின்தொடர்வோர் கூடினால் வாய்ப்பு தானாக வரும் என்ற நம்பிக்கை பரவியிருப்பதால், எண்ணிக்கையைக் கூட்டித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குவோரும் முளைத்திருக்கிறார்கள். வாய்ப்பு உண்மையில் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

## முதலில் மூன்று சொற்கள்

1. பார்வையாளர்கள். உங்கள் ஆக்கத்தைப் பார்க்கிறவர்கள். உங்களை அவர்களுக்குத் தெரியும். அவர்களை உங்களுக்குத் தெரியாது.

2. தொடர்பு வலை. இரு பக்கமும் பேச்சு நடக்கிற அறிமுகங்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள். பத்துப் பேராக இருக்கலாம், இருநூறு பேராக இருக்கலாம்.

3. தளம். இன்ஸ்டாகிராம், யூடியூப், ஃபேஸ்புக் போன்றவை. இடத்தைத் தருவது அந்த நிறுவனம். எந்தப் பதிவை யாருக்கு முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் அதன் கணக்குமுறைக்கு அல்காரிதம் என்று பெயர். இன்ஸ்டாகிராமில் 2016 வரை பதிவுகள் நேர வரிசைப்படி வந்தன. அந்த ஆண்டில் அதை மாற்றி, பயனர் எதை விரும்புவார் என்று கணித்து வரிசைப்படுத்தத் தொடங்கினார்கள்.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பார்வையாளர்களைத் தளம் கொண்டுவந்து சேர்க்கிறது. கணக்குமுறை மாறினால் அதே தளம் அவர்களை வேறு பக்கம் கூட்டிப்போகிறது. தொடர்பு வலையை மட்டும் நீங்கள் இன்னொரு இடத்துக்குக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

## இணையத்துக்கு முன்பும் வலை இருந்தது

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். பெரிய இதழ்களோடு ஒப்பிட்டால் அதன் வாசகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் அவர்களில் பலர் எழுதவும் செய்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் விமர்சித்தார். புதுக்கவிதை தமிழில் காலூன்றியதில் அந்தச் சிறு வட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இதழையும் புத்தகத்தையும் செல்லப்பா தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்த செய்தி. விற்றுவந்தது புத்தகம், சேர்த்துவந்தது ஆட்கள்.

1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. எழும்பூர் கவின்கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் மெழுகால் வரைந்து சாயமேற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். வயிற்றுக்குக் கைவினை, மனத்துக்கு ஓவியம். அருகருகே வீடு கட்டிக் குடியிருந்ததால் ஒருவர் கற்றது மற்றவருக்கும் போய்ச் சேர்ந்தது.

இவ்விரண்டிலும் ஒரு படைப்பாளிக்குத் தேவையான எல்லாம் இருந்தன: பார்த்துச் சொல்ல ஆள், பொருளுதவி, தொடர்ந்து செய்வதற்கான உந்துதல். ஆனால் உள்ளே போக, சென்னையில் இருக்க வேண்டும் அல்லது அடிக்கடி வந்துபோக முடிய வேண்டும். வட்டத்துக்குள் ஒருவரையாவது தெரிந்திருக்க வேண்டும். மாலை ஏழு மணிக் கூட்டத்துக்குப் போய்விட்டு இரவு பஸ் பிடித்து வீடு திரும்புவதில் பெண்ணுக்கு இருந்த தடை ஆணுக்கு இல்லை. வியாசர்பாடியில் பாட்டுக் கட்டியவருக்குச் சபாவின் வாசல் தொலைவில் இருந்தது. எத்தனை நல்ல கை, எத்தனை நல்ல குரல் இந்த வாசல்களில் நின்றுவிட்டது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. இணையம் முதலில் அசைத்தது இந்த வாசலைத்தான்.

## எழுத்துரு தீர்ந்ததும்தான் வலை விரிந்தது

தமிழில் எழுதுகிறவருக்கு வாசல் ஒரேநாளில் திறக்கவில்லை. தொண்ணூறுகளில் ஒவ்வொரு இணையதளமும் தனக்கென ஒரு எழுத்துருவை வைத்திருந்தது. வாசகர் அதே எழுத்துருவைத் தம் கணினியில் நிறுவியிருக்காவிட்டால் கவிதைக்குப் பதில் புரியாத குறிகள் நிரம்பி வழியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொதுத்தரம் வகுக்க முனைந்தது. ‘தமிழ்99’ விசைப்பலகை அங்கிருந்து வந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தபோதும், கணினிகளும் தளங்களும் அதற்கு மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது 2010இல்.

இது வெறும் தொழில்நுட்பக் கதை போலத் தோன்றலாம். அதன் விளைவு பெரியது. தனி எழுத்துருவில் இருந்த கவிதையைத் தேடுபொறியால் கண்டுபிடிக்க முடியாது. ஏற்கெனவே முகவரி தெரிந்தவர் மட்டுமே அங்கே வருவார். யூனிகோடு வந்த பிறகு, ‘மழை’ என்று தேடும் முன்பின் தெரியாத ஒருவர் மழையைப் பற்றிய உங்கள் கவிதையை வந்தடைய வழி உண்டானது. முன்பின் தெரியாதவர் வருவதற்கு இருக்கும் மதிப்பை அடுத்த பகுதி விளக்கும்.

பிறகு வந்த மாற்றங்கள் விரைவானவை. 2016 செப்டம்பருக்குப் பின் இணைய இணைப்பின் விலை சரிந்தது. 2017இல் கூகுள் தமிழ்க் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தது. தட்டச்சு பழகாத பாட்டியும் தன் கதையைச் சொல்லி எழுத்தாக்க முடிந்தது.

## தூரத்து அறிமுகத்தின் பலம்

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்தத் துறையின் அடிக்கல். பாஸ்டன் அருகிலுள்ள நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் கேட்டார்: அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? அடிக்கடி பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். கேட்கப்பட்டவர்கள் சிலரே என்றாலும் அவர் சொன்ன காரணம் நிலைத்துவிட்டது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே, புதிய செய்தி தூரத்து அறிமுகத்திடமிருந்துதான் வரும்.

2022இல் வெளியான இன்னொரு ஆய்வு, வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் 5 ஆண்டுகளில் சுமார் 2 கோடிப் பயனர்களை வைத்து இதைச் சோதித்தது. அதில் ஒரு திருத்தம் கிடைத்தது. மிகவும் நெருங்கியவரும் பெரிதாக உதவவில்லை, அறவே ஒட்டாதவரும் உதவவில்லை; நடுத்தரத் தூரத்தில் இருப்பவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் கைகொடுத்தார்கள். இருவருக்கும் பொதுவான நண்பர்கள் சிலர் மட்டும் இருக்கிற தூரம் அது.

இரண்டும் வேலைவாய்ப்பைப் பற்றிய ஆய்வுகள்தாம். கலைக்கும் இது பொருந்தும் என்பது என் துணிபு. அந்த 169 புள்ளிக் கோலத்துக்குத் திரும்புவோம். நாத்தனார் பார்த்து ‘அழகாக இருக்கிறது அண்ணி’ என்பார். அதன் அன்பு பெரிது. ஆனால் அதில் புதிய செய்தி இல்லை. இப்போது கோவையில் துணியில் அச்சிடும் ஒருவர், தம் நண்பரின் பகிர்வு வழியாக இதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இந்தக் கம்பியை ஒரு மூலையில் மட்டும் நிறுத்தினால் முந்தானைக்குப் பொருந்துமே, வரைந்து தருவீர்களா?’ என்று கேட்கிறார். கோலத்துக்கு முந்தானை என்ற இன்னொரு இடம் இருப்பது வாசலில் நின்ற யாருக்கும் தோன்றியிருக்காது. இதைக் கேட்க ஒரு ஆள் போதும். பத்தாயிரம் இதயக் குறிகளுக்குள் இந்த ஒரு கேள்வி இல்லாமலும் போகலாம்.

கோலம் இப்படித் தூரத்துத் துறைக்குப் போன வரலாறு நம் ஊரிலேயே உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தின் அமைப்பைக் கணினியியலின் இலக்கண விதிகளாக்கி 1974இல் ஆய்வு வெளியிட்டார்கள். வாசலில் குனிந்திருந்த பெண்களின் கைக்கணக்கு கணினிக் கோட்பாட்டுக்குள் நுழைந்தது.

## வட்டம் தருவது என்ன

தூரத்து அறிமுகம் கதவைத் திறக்கும். உள்ளே நடக்கக் காலைப் பழக்குவது நெருங்கிய வட்டம். பத்துப் பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு வாரம் ஒரு கதை என்று முடிவெடுத்தால் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

1. கெடு உண்டாகிறது. ஞாயிறு இரவுக்குள் அனுப்ப வேண்டும் என்றால் சனிக்கிழமை உட்கார்ந்து எழுதுவோம்.

2. மறுமொழி குறிப்பாகிறது. ‘அருமை’ என்பதை வைத்து எதையும் திருத்த முடியாது. ‘மூன்றாம் பத்தியில் அம்மா ஏன் சிரித்தாள் என்று விளங்கவில்லை’ என்பதை வைத்துத் திருத்தலாம்.

3. வேலை பங்காகிறது. எழுதுகிறவருக்கு அட்டை வரைய ஆள் கிடைக்கிறார். பாடுகிறவருக்கு ஒலிக்கலவை செய்ய ஆள் கிடைக்கிறார்.

இந்த வட்டத்தில் பேச்சுரிமையும் பெருகுகிறது. 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான வாசகங்களோடு கோலமிட்டவர்களைப் போலீசார் பிடித்துச் சென்று பிறகு விடுவித்தார்கள். அதற்குப் பிறகு பலர் தங்கள் வீட்டு வாசலில் அதே வகைக் கோலத்தைப் போட்டுப் படத்தை இணையத்தில் பகிர்ந்தார்கள். ஒரு தெருவில் நிறுத்தப்பட்டது பல தெருக்களில் முளைத்தது. வாசல் என்ற பழைய ஊடகமும் திரை என்ற புதிய ஊடகமும் கைகோத்த நாள் அது.

## பணக் கணக்கு

சுருக்கமாக: தளத்தின் விளம்பரப் பணத்தை மட்டும் நம்பினால் பெரும்பாலோருக்குச் சோறு கிடைக்காது. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி வழியாக என்றால் 90 நாளில் 1 கோடிப் பார்வைகள். தகுதி பெற்றபின் நீளமான காணொளிகளின் விளம்பரத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்கு, குறுங்காணொளிகளில் அவருக்கான பங்கிலிருந்து 45 சதவீதம். எழுத்தாளர்களுக்கு அமேசான் கிண்டில் 2016 இறுதியில் தமிழைச் சேர்த்தது. பதிப்பாளர் இல்லாமல் நேரடியாக மின்னூல் வெளியிட வழி பிறந்தது. 

ஆகவே பணம் பெரும்பாலும் பக்கவாட்டில் வருகிறது: வகுப்பு எடுப்பது, அட்டை வரைந்து தருவது, திருமண நிகழ்ச்சியில் பாடுவது. சோழமண்டலத்தார் பாத்திக் துணியில் செய்ததுதான் இது. இந்த வேலைகள் எல்லாமே தொடர்பு வலை வழியாக வருபவை.

ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் கவிதை தொகுப்புக்குத் தேர்வாகிவிட்டது, இவ்வளவு கட்டுங்கள்’ என்று வரும் அழைப்புகள் ஏராளம். தேர்வு உண்மையானால் பணம் படைப்பாளியை நோக்கி வர வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். பெண் படைப்பாளிகளின் படங்களைத் திருடித் திரிப்பது போன்ற குற்றங்களுக்கு மத்திய அரசின் தேசிய இணையக் குற்றப் புகார் வலைவாசல் இருக்கிறது. முகம் காட்டாமல், புனைபெயரில், கையை மட்டும் காட்டி வேலை செய்யும் பெண்களைக் கோழைகள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

## தளம் மூடினால்

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது; அவற்றில் டிக்டாக்கும் ஒன்று. கிராமத்திலும் குடிசைப் பகுதியிலும் ஆடியும் நடித்தும் பெயர் பெற்றிருந்தவர்களின் பின்தொடர்வோர் பட்டியல் ஒரே இரவில் கைவிட்டுப் போனது. சில நாள்களில், ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் தொடங்கியது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. புது வீட்டில் எல்லோரும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். தங்கள் ரசிகர்களில் ஒரு பகுதியினரோடு வேறு வழியிலும் தொடர்பு வைத்திருந்தவர்களுக்கு அந்த இடமாற்றம் எளிதாக இருந்திருக்கும். மின்னஞ்சல் பட்டியலோ, வாட்ஸ்அப் குழுவோ, மாதம் ஒருமுறை பூங்காவில் நேரில் கூடும் பழக்கமோ, தளத்துக்கு வெளியே ஒரு நூல் கட்டியிருக்க வேண்டும். மூலக் கோப்பையும் தளத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது.

## உரிமை யாருக்கு

பலர் அஞ்சுவதும் தவறாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்து, இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு அது படைப்பாளியின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். இணையத்தில் ஏற்றியதால் அது போய்விடாது. தளத்துக்கு நீங்கள் தருவது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. அந்த அனுமதி மிக அகலமானது என்பது வேறு விஷயம். பாட்டி காலத்திலிருந்து வரும் மரபுக் கோலத்துக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. நீங்களே புதிதாக வரைந்த வடிவத்துக்குக் கொண்டாடலாம்.

கோவையிலிருந்து வந்த அந்தக் கேள்விக்கு ‘சரி’ என்று சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

1. எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையைக் கொடுப்பவர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு; நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்.

2. பணம் வாங்கி எடுத்துக்கொடுக்கும் புகைப்படம், வரைந்துகொடுக்கும் வண்ண ஓவியம் போன்றவற்றில் கவனம் தேவை. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டு வாங்கியவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு.

3. துணியில் அச்சானால் சட்டமே மாறலாம். வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் பதித்துவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. 51ஆவது சேலை அச்சேறும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை.

4. பதிவிட்ட பின் பதிவு செய்வது கடினம். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் பதிவுபெற்ற வடிவத்துக்கு முதலில் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் வெளியான வடிவத்தை அது ஏற்காது. வாசலைத் திறந்த அதே காணொளி இந்த ஒரு கதவை மூடிவிடுகிறது.

நான்காவதுதான் அதிகம் பேருக்குத் தெரியாதது. அதிகம் நோகடிப்பதும் அதுவே. வணிகத்துக்குப் போகும் என்று தோன்றுகிற வடிவத்தை ஏற்றுவதற்கு முன், கிண்டியிலுள்ள அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில் வழிமுறையைக் கேட்டுக்கொள்ளலாம். ஏற்றிவிட்ட வடிவம் என்றால், அதைக் காட்டி வந்தவருக்கு அதன் அடியொற்றிப் புதிதாக, இதுவரை யாரும் பார்க்காத ஒன்றை வரைந்து தருவது நல்லது. பேச்சு முடிந்ததும் ஒரு தாளில் ஐந்து வரி: எந்த வடிவம், எந்தப் பொருளில், எத்தனை எண்ணிக்கை, எத்தனை ஆண்டு, தொகை எவ்வளவு. கீழே இருவரின் கையெழுத்தும் தேதியும்.